மலையில் குடியேற நினைப்பவர்கள் துணிக்கொடியைப் பார்க்க வேண்டும்

பங்குனி பிறந்து, இரவு பத்து மணி ஆன பிறகும் மின்விசிறி வெந்த காற்றையே வீசத் தொடங்கியதும், நாகர்கோவில் பக்கம் நான் அறிந்த பல வீடுகளில் ஒரே பேச்சு எழும். ஓய்வு பெற்றதும் குன்னூரிலோ கோத்தகிரியிலோ மூணாற்றிலோ ஒரு சிறிய வீட்டை வாங்கிக்கொண்டு போய்விட வேண்டும் என்பதே அந்தப் பேச்சு. ஐப்பசி மழை பெய்ததும் அது தானாகவே அடங்கிவிடும். ஆனால் என் மைத்துனர் இந்த ஆண்டு பேச்சோடு நிற்காமல் விலை விசாரிக்கும் அளவுக்கு வந்துவிட்டார். அவருக்குச் சொன்ன கருத்தை இங்கே சற்று விரிவாக எழுதிவைக்கிறேன். குளிர்ந்த, மழை மிகுந்த ஒரு மலையூர் வாழ்வதற்கு எவ்வளவு இனிமையானது என்பதை வெப்பமானியின் எண்ணைக் கொண்டு முடிவு செய்வது போதாது. அங்கே நனைந்த பொருள் காய்வதற்கு எவ்வளவு காலம் பிடிக்கிறது என்பதைத்தான் முதலில் கேட்க வேண்டும்.

வெப்பக் கணக்கு எளிதானது. கடல் மட்டத்திலிருந்து ஆயிரம் மீட்டர் ஏறினால் ஏறத்தாழ ஆறு முதல் ஆறரை டிகிரி செல்சியஸ் வரை வெப்பம் குறையும். நாகர்கோவிலின் ஆண்டுச் சராசரியை இருபத்தேழு, இருபத்தெட்டு டிகிரி என்று வைத்துக்கொண்டால், 1,070 மீட்டர் உயரத்திலுள்ள வால்பாறையில் இருபத்தொன்றுக்கு அருகிலும், 1,500 மீட்டரை ஒட்டிய மூணாற்றில் பதினெட்டை ஒட்டியும், 2,240 மீட்டர் உயரமுள்ள உதகையில் பதினான்கு, பதினைந்திலும் கணக்கு வந்து நிற்கும். காகிதத்தில் இவை எல்லாமே இனிமையான எண்கள்தாம். சித்திரை வெயிலில் அமர்ந்து இவற்றைப் படிப்பவனுக்கு மூன்றும் சொர்க்கமாகவே தோன்றும்.

ஈரத்தின் கணக்கு வேறு மாதிரியானது. முப்பது டிகிரி வெப்பமுள்ள ஒரு கன மீட்டர் காற்று அதிகபட்சமாக முப்பது கிராம் அளவுக்கு நீராவியைத் தாங்கும். நம் கடற்கரையோரக் காற்றில் ஈரப்பதம் எழுபது விழுக்காடு என்றால் அதில் ஏற்கெனவே இருபத்தொரு கிராம் இருக்கிறது. இன்னும் ஒன்பது கிராமுக்கு இடமுண்டு. பதினாறு டிகிரிக் குளிர்காற்றோ பதின்மூன்றரை கிராம் அளவோடு நிறைந்துவிடும். மழைக்கால மலையில் ஈரப்பதம் தொண்ணூற்றைந்து விழுக்காட்டைத் தொடும்போது அந்தக் காற்றில் ஒரு கிராமுக்குக்கூட இடம் மிஞ்சாது. கன்னியாகுமரிக் காற்று உடலில் பிசுபிசுக்கிறது என்று நாம் சலித்துக்கொண்டாலும், துணியிலிருந்து நீரை உறிஞ்சும் வேலையில் அந்த மலைக்காற்றைவிட அது பத்து மடங்குக்கும் மேல் திறமையானது. மூடுபனி இறங்கிவிட்டால் இந்தத் திறன் அறவே இல்லாமல் போகும். மூடுபனி என்பது தரையைத் தொட்ட மேகம்தான், அதற்குள் வைத்த எதுவும் காயாது.

குமரி மாவட்டத்துக்காரர்களுக்கு இதைப் பாடமாக நடத்த வேண்டியதில்லை என்றே நினைக்கிறேன். குலசேகரம், திற்பரப்பு பக்கம் ரப்பர் வைத்திருப்பவர்களிடம் இடவப்பாதியை, அதாவது வைகாசி நடுவில் தொடங்கும் தென்மேற்குப் பருவமழையைப் பற்றிக் கேட்டால் முதலில் குளிரையா சொல்வார்கள்? மரம் நனைந்து கிடப்பதால் பால் வெட்ட முடியவில்லை என்பார்கள்; அடித்த ரப்பர் ஷீட் கொடியிலேயே பூஞ்சை பூத்துப்போவதால் புகை போட்டுத்தான் உலர்த்த வேண்டியிருக்கிறது என்பார்கள். மாறாமலைப் பக்கத்துக் கிராம்புத் தோட்டங்களுக்கும் இதே கவலை உண்டு. 2021இல் புவிசார் குறியீடு பெற்ற கன்னியாகுமரிக் கிராம்பு குளிர்ச்சியும் மழையும் உள்ள மலைச்சரிவில்தான் வளர்கிறது என்றாலும், பறித்த மொட்டு நிறமும் மணமும் மாறாமல் காய்வதற்குத் தை, மாசி வெயில் தேவைப்படுகிறது. ஈரத்தில் வளர்ப்பதற்கும் ஈரத்திலிருந்து மீட்பதற்கும் இடையில் ஒரு வறண்ட பருவம் குறுக்கே வந்தாக வேண்டும் என்பது அங்கே ஆண்டுதோறும் நடக்கும் காரியம்.

மனிதர்கள் விஷயத்தில் இதை எனக்குப் புரியவைத்தவர் என் அத்தை. மாமாவுக்கு மேல் கோதையாற்றில் மின் நிலைய வேலை. அந்தக் காலத்தில் அத்தையும் பிள்ளைகளும் சில ஆண்டுகள் அங்கே இருந்தார்கள். மேல் கோதையாறும் முத்துக்குழிவயலும் இருக்கும் மலைத்தொடர் நம் பேச்சிப்பாறை அணைக்குத் தண்ணீர் தரும் மலைதான் என்றாலும், வாகனத்தில் போக வேண்டுமானால் திருநெல்வேலி மாவட்டத்துக்குள் நுழைந்து மணிமுத்தாறு, மாஞ்சோலை வழியாகச் சுற்றிக்கொண்டுதான் ஏற வேண்டும். கீழ்க் கோதையாற்றிலிருந்து செங்குத்தாக ஏறும் விஞ்சில், அதாவது கம்பி வடத்தால் இழுக்கப்படும் வண்டியில், மின் பணியாளர்கள் போய்வருவார்கள். 2023இல் அரிக்கொம்பன் யானையைக் கொண்டுபோய் விட்ட காடும் அந்தப் பக்கம்தான். அங்கே மனிதரைவிட யானைக்குத்தான் வசதி அதிகம் என்று அத்தை அப்போது சிரித்தார்.

அவர் சொல்லும் கதைகளில் குளிர் பெரிதாக வருவதே இல்லை. உப்பு ஜாடியில் உப்பு நீராகிக் கிடப்பதும், தீக்குச்சி கிழிக்கக் கிழிக்க மருந்து உதிர்வதும், அப்பளத்தை வறுத்த கையோடு தின்னாவிட்டால் நைந்துபோவதும், பள்ளிப் புத்தகத்தின் தோல் அட்டை பச்சை பூப்பதும்தான் வரும். கைக்குழந்தையின் துணியை அடுப்புக்கு மேலே கட்டிய கயிற்றில் போட்டு உலர்த்துவாராம். பிள்ளை முழுவதும் புகை வாசமாகவே வளர்ந்தது என்பார். புல்லில் கால் வைத்தால் அட்டை ஏறும் என்பதைக் கடைசியில், ஒரு பொருட்டாகவே எண்ணாமல், சொல்லி முடிப்பார். “மக்களே, குளிரு ஒரு கம்பளிக்கு அடங்கிரும். இந்த ஈரம் இருக்கே, அதுதான் ஆளை அரிக்கும்” என்று அவர் சொன்னதைவிடச் சுருக்கமாக இந்தக் கட்டுரையை எழுத என்னால் முடியாது.

தட்பவெப்ப வகைப்பாட்டு நூல்களில் இத்தகைய ஊர்களை மிதமானவை என்று போட்டிருப்பார்கள். இன்றும் புழக்கத்தில் உள்ள வகைப்பாட்டைத் தொடங்கிவைத்த கோப்பன் என்ற அறிஞர் தாவரங்களை மனத்தில் வைத்துத்தான் எல்லைகளை வகுத்தார். எந்த மாதிரிச் செடிகொடிகள் எந்த வெப்பத்திலும் மழையிலும் வளரும் என்பதே அவருடைய அக்கறை. தேயிலைக்கு ஆண்டு முழுவதும் பரவலாக மழை வேண்டும், கடும் வெயில் ஆகாது, வேரடியில் நீர் தேங்காத சரிவு வேண்டும். அந்தச் செடி மகிழ்ச்சியாக இருக்கும் இடத்தில் சுவரும் மெத்தையும் அரிசி மூட்டையும் மகிழ்ச்சியாக இருக்கும் என்று யாரும் உறுதி கொடுக்கவில்லை. இலங்கையின் நுவரெலியாவை எடுத்துக்கொள்ளுங்கள்: 1,868 மீட்டர் உயரம், பதினாறு டிகிரியை ஒட்டிய சராசரி, முற்றிலும் வறண்ட மாதம் என்று ஒன்று இல்லாத மழை. கோடையில் கொழும்பிலிருந்து ஏறுகிறவர்களுக்கு அது விருந்து. அங்கேயே தோட்டத்து லயங்களில், அதாவது தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், தலைமுறைகளாக வாழ்ந்த நம் மக்களுக்கு அது வேறு கதை.

இன்னொரு எண்ணையும் மைத்துனருக்குச் சொன்னேன். குளிர்காலத்தில் வீட்டுக்குள் குறைந்தது பதினெட்டு டிகிரி இருக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2018இல் வெளியிட்ட வழிகாட்டி கூறுகிறது. முதியவர்களுக்கும் நோயாளிகளுக்கும் அதற்கு மேலும் தேவைப்படலாம். வெப்பமூட்டும் வசதி ஏதுமில்லாத வீட்டின் உட்புறம் ஏறக்குறைய வெளியின் சராசரியையே பின்பற்றும். அப்படியானால் உதகையிலும் நுவரெலியாவிலும் சும்மா கட்டிய ஒரு வீடு ஆண்டின் பெரும்பகுதியில் அந்த அளவுக்குக் கீழேதான் இருக்கும். சுற்றுலா வருகிறவர் நடந்துகொண்டே இருப்பதால் பதினாறு டிகிரி அவருக்கு இதமாக இருக்கிறது. ஓய்வு பெற்றவர் நாற்காலியில் அமர்ந்து நாளிதழ் படிப்பார். அமர்ந்திருக்கும் உடலுக்குப் பதினாறு டிகிரி என்பது விரல் நுனி விறைக்கும் குளிர், அதுவும் அறுபது ஆண்டுகள் முப்பது டிகிரியில் பழகிய உடலுக்கு.

பழைய வெள்ளைக்காரர் பங்களாக்களில் கணப்படுப்பு இருப்பதைப் பார்த்து அது ஆடம்பரம் என்று நினைப்பவர்கள் உண்டு. கணப்பு செய்யும் பெரிய வேலை உலர்த்துவதுதான். தொண்ணூற்றைந்து விழுக்காடு ஈரமுள்ள பதினாறு டிகிரிக் காற்றை, நீராவி எதையும் சேர்க்காமல், இருபத்திரண்டு டிகிரிக்குச் சூடாக்கினால் அதன் ஈரப்பதம் அறுபத்தைந்தை ஒட்டி இறங்கிவிடும். பூஞ்சை செழிக்கும் எல்லைக்குக் கீழே வந்துவிடும். புகைபோக்கி ஈரக்காற்றையும் சேர்த்து வெளியே இழுத்துவிடும். இப்போது கட்டும் வீடுகளில் அது கிடையாது, மாறாக எரிவாயு அடுப்பு இருக்கிறது. ஒரு கிலோ சமையல் எரிவாயு எரியும்போது ஒன்றரைக் கிலோவுக்கு மேல் நீர் ஆவியாக வெளிவருகிறது என்பதைப் பலர் யோசிப்பதில்லை. குளிருக்குப் பயந்து சன்னல்களை அடைத்துவிட்டு உள்ளே சோறும் குழம்பும் வைத்தால் அந்த நீராவி எல்லாம் குளிர்ந்த வெளிச்சுவரில் போய்ப் படியும். அந்தச் சுவரை ஒட்டி வைத்த அலமாரியின் முதுகுப்புறத்தைத்தான் வீடு பார்க்கப் போகிறவர் முதலில் முகர்ந்து பார்க்க வேண்டும். விற்பவர் புது வெள்ளை அடித்திருப்பார். அலமாரியை நகர்த்தியிருக்க மாட்டார்.

ஒரே மலையில் எங்கே வீடு என்பதைப் பொறுத்து இவை எல்லாம் தலைகீழாக மாறும். இதையும் நாம் பிறந்த ஊரிலேயே பார்த்து வளர்ந்திருக்கிறோம். ஆனி மாதத்தில் குலசேகரத்தில் குடையின்றி வெளியே இறங்க முடியாத நாளில், ஆரல்வாய்மொழியில் அதே பருவக்காற்று கணவாய்க்குள் நுழைந்து வறட்டு வேகத்தில் முப்பந்தல் காற்றாலைகளைச் சுழற்றிக்கொண்டிருக்கும். இரண்டுக்கும் இடையில் ஒரு மணி நேரப் பேருந்துப் பயணத்துக்குச் சற்று மேல்தான் ஆகும். மழையைக் கொட்டிவிட்டு வரும் காற்று மலைக்கு மறுபுறம் வெறுங்கையோடு இறங்குகிறது.

நீலகிரியிலும் இதே நியாயம்தான். தென்மேற்குப் பருவமழையின் பெரும்பங்கை மேற்கு விளிம்பிலுள்ள தேவாலா, கூடலூர்ப் பகுதிகளும் அவலாஞ்சியும் வாங்கிக்கொள்கின்றன. 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 800 மில்லிமீட்டருக்கும் மேல் பெய்தது. உதகை நகரம் ஓராண்டு முழுவதும் பெறும் மழையில் பாதிக்கு மேற்பட்ட அளவு அது. கிழக்குச் சரிவிலுள்ள குன்னூருக்கும் கோத்தகிரிக்கும் முக்கிய மழை ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்கிலிருந்து வருகிறது. ஆனி, ஆடியில் அங்கே தூறலும் மேகமுமாக ஓரளவு தாங்கக்கூடிய காலம். வால்பாறையை எடுத்துக்கொண்டால், தமிழ்நாட்டிலேயே மிக அதிக மழை பெறும் சின்னக்கல்லாறு அதன் அருகில்தான் இருக்கிறது. வெப்பத்தை மட்டும் பார்த்தால் வால்பாறை இந்தப் பட்டியலிலேயே மிகவும் இதமான ஊர்; ஆடியில் அங்கே ஒரு போர்வையைத் துவைத்துப் பாருங்கள், பிறகு பேசலாம்.

மழையின் மொத்த அளவைவிட அது பெய்யும் முறைக்கு நான் அதிக மதிப்புக் கொடுக்கிறேன். சிரபுஞ்சியில் ஆண்டுக்கு 11,000 மில்லிமீட்டரை ஒட்டிப் பெய்கிறது. ஆனாலும் பனிக்காலத்தில் அங்கே குடிநீருக்கு மக்கள் அலைகிறார்கள், ஏனெனில் அந்த மழையில் மிகப் பெரும்பகுதி சில மாதங்களுக்குள்ளேயே கொட்டித் தீர்ந்துவிடுகிறது. நம் ஐப்பசி மழை காலையில் வெயிலைக் காட்டிவிட்டுப் பிற்பகலில் இடியோடு பெய்து, இரவில் ஓய்ந்துவிடும். அத்தகைய நாளில் பத்து மணிக்குள் துணி காய்ந்துவிடும், நெல்லையும் ஒரு சுற்றுக் கிளறி அள்ளிவிடலாம். கன்னிப்பூ என்னும் முதல் போக நெல் அறுவடையை இப்படி வெயிலைத் திருடித்தான் வீடு சேர்த்தார்கள். நாள் முழுவதும் வெள்ளைச் சாம்பல் நிறத்தில் நனைத்துக்கொண்டே இருக்கும் சாரல், அளவில் அதைவிடக் குறைவாக இருந்தாலும், வாழ்வதற்கு மிகக் கடினமானது. குற்றாலத்தில் ஒருநாள் சாரலுக்கு ஏங்குகிறவர்களே ஒரு மாதச் சாரலுக்குள் இருக்க நேர்ந்தால் சூரியனுக்கு ஏங்குவார்கள்.

ஆகவே வீடு எந்தத் திசையைப் பார்க்கிறது என்பது எனக்கு முக்கியம். பிற்பகலில் மேகம் ஏறும் மலைகளில் கிழக்கு நோக்கிய சரிவுக்குத்தான் வெயில் கிடைக்கும். மேற்கு நோக்கிய சரிவு காட்சிக்கு அழகாக இருக்கும், காலையில் மலையின் நிழலிலும் மாலையில் மேகத்திலும் மூழ்கிக் கிடக்கும். பள்ளத்தாக்கின் அடியையும் தவிர்க்க வேண்டும். இரவில் குளிர்ந்த காற்று கனமாகிக் கீழே வழிந்து அங்கேயே தேங்குவதால்தான், மார்கழி, தையில் உதகையின் பள்ளமான புல்வெளிகளில் உறைபனி வெள்ளையாகப் படிகிறது. மேலே சரிவிலிருக்கும் வீட்டில் அதே இரவு சில டிகிரி இதமாக இருக்கும்.

சரிவு என்றதும் மண்ணையும் நினைக்க வேண்டியிருக்கிறது. 2020 ஆகஸ்ட் 6 அன்று இரவு மூணாறு பெட்டிமுடியில் மலை சரிந்து எஸ்டேட் லயங்களில் உறங்கிய தமிழ்த் தொழிலாளர் குடும்பங்கள் புதைந்தன; 70 பேர் மாண்டனர். 2024 ஜூலை 30 அன்று வயநாட்டு முண்டக்கை, சூரல்மலையில் நடந்தது அதைவிடப் பன்மடங்கு கொடியது. இரண்டுமே நீண்ட மழையால் ஊறிக் கிடந்த மண்ணின் மேல் மேலும் பெருமழை கொட்டியதால் நிகழ்ந்தவை. மலைச்சரிவில் வீடு வாங்குகிறவர், மேலே இருக்கும் மண் எங்கே வெட்டப்பட்டிருக்கிறது, ஓடைகள் எங்கே திருப்பப்பட்டிருக்கின்றன என்பதைப் பத்திரத்தைப் படிக்கும் கவனத்தோடு பார்க்க வேண்டும்.

இவ்வளவு சொன்ன பிறகும் மலையின் பக்கம் ஒன்றைச் சொல்லாவிட்டால் அது நியாயமாகாது: தூக்கம். நம் கடற்கரையோரத்தில் சித்திரை இரவு இருபத்தாறு டிகிரிக்குக் கீழே இறங்க அடம்பிடிக்கும். கடல் பகலில் சேர்த்த வெப்பத்தை இரவில் திருப்பித் தந்துகொண்டே இருக்கும். வியர்வை உலராமல் புரண்டு புரண்டு விடியும். மலையில் ஒன்பது மணிக்குப் படுத்தால் காலையில்தான் கண் விழிக்கிறது. பகலில் மண்வெட்டியோடு நாலு மணி நேரம் தோட்டத்தில் நிற்கலாம், களைப்பு தெரியாது. பாலும் மீந்த குழம்பும் சீக்கிரம் கெடாது. இந்த இனிமை உண்மையானது. ஈரத்தின் தொல்லைகளை ஒவ்வொன்றாக எழுதும்போது இதை எடையில் குறைத்துவிடக் கூடாது என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். இளம் வயதில், உடலுழைப்பு உள்ள வேலையோடு ஒருவர் மலைக்குப் போவதானால் நான் ஒரு தடையும் சொல்ல மாட்டேன்.

மைத்துனரின் நிலை அதுவன்று. மூட்டுவலிக்காரர், அக்காவுக்கு ஆஸ்துமா. பூஞ்சை படிந்த வீட்டுக் காற்று ஆஸ்துமாவைக் கிளறும் என்பதில் மருத்துவர்களுக்குள் கருத்து வேறுபாடு இல்லை. எனவே அவர்களுக்காக நான் வகுத்த அளவுகோல் இது: உயரம் 1,000 முதல் 1,500 மீட்டருக்குள் இருக்கட்டும், சராசரி பதினெட்டுக்குக் கீழே போகாது, பருவமழையின் நேர்முகத்தில் இல்லாமல் மறைவுச் சரிவில் இருக்கட்டும், தை முதல் பங்குனி வரை உறுதியாக வெயில் காயும் ஊராக இருக்கட்டும். 1,500 மீட்டரை ஒட்டிய ஏற்காடு இந்த அளவுகோலுக்கு ஓரளவு பொருந்துகிறது. குளிர் சற்றுக் கூடினாலும் பரவாயில்லை என்றால் கோத்தகிரியின் கிழக்குச் சரிவையும் சேர்த்துக்கொள்ளலாம். மூணாறும் வால்பாறையும் போய்வருவதற்கு. என் கணக்கில் அவை குடியிருப்பதற்கு இல்லை.

வாங்குவதற்கு முன்னால் வாடகைக்கு இருந்து பாருங்கள் என்று எல்லோரும் சொல்வார்கள். எந்த மாதத்தில் என்பதைத்தான் யாரும் சொல்வதில்லை. ஏப்ரல், மே மாதங்களில் போனால் எல்லா மலையும் நல்ல மலைதான். தேர்ந்தெடுத்த ஊருக்கு எந்தப் பருவத்தில் அதிக மழையோ அந்தப் பருவத்தில், விடுதியில் தங்காமல் சமையலறையுள்ள வீட்டில், குறைந்தது ஒரு மாதம் இருக்க வேண்டும். படுக்கை விரிப்பைத் தாங்களே துவைத்துக் காயப்போட வேண்டும், ஒரு கிலோ ரவையைத் திறந்த டப்பாவில் வைத்துப் பார்க்க வேண்டும், மருத்துவமனைக்கு ஒருமுறை மழையில் போய்வர வேண்டும். மைத்துனர் கோத்தகிரிக்கு ஐப்பசியில் போக ஒப்புக்கொண்டிருக்கிறார். ஈரப்பதம் காட்டும் சிறு கருவி ஒன்றை வாங்கிக் கொடுத்திருக்கிறேன். அதை வரவேற்பறையில் வைக்காமல், வெளிச்சுவரை ஒட்டிய அலமாரிக்குள் வைக்கச் சொல்லியிருக்கிறேன்.